பாகவதரை எழுத ஆசையா? ஆற்காட்டுப் பக்கம் கூட்டி வாருங்கள்

பெரிய பாடகர் ஒருவரின் வாழ்க்கையைக் கேள்விப்பட்டதும் ‘இதை அப்படியே நாவலாக எழுதிவிடலாமே’ என்று தோன்றுவது சகஜம். எம்.கே. தியாகராஜ பாகவதர் கதையைக் கேட்டால் யாருக்கும் கை துறுதுறுக்கும். 1910இல் மாயவரத்தில் பொற்கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர். நாடக மேடையில் பாடி, சினிமாவுக்கு வந்து, தமிழ்நாடே கொண்டாடும் நட்சத்திரம் ஆனார். 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அது ஓட ஆரம்பித்த சில வாரங்களிலேயே லட்சுமிகாந்தன் என்ற மஞ்சள் பத்திரிகைக்காரர் குத்திக் கொல்லப்பட்டார். வழக்கில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். ஆயுள் தண்டனை. லண்டன் பிரிவி கவுன்சில் வரை மேல்முறையீடு போய் 1947 ஏப்ரலில் விடுதலை. வெளியே வந்து நடித்த படங்கள் ஓடவில்லை. 1959இல் இறந்தபோது வயது 49.

ஏற்றம், கொலை வழக்கு, சிறை, விடுதலை, வீழ்ச்சி எல்லாமே இருக்கிறது. அதுதான் எழுதுகிறவருக்குச் சிக்கல். எல்லாவற்றையும் வாழ்க்கையே செய்து முடித்துவிட்டால் நாவலாசிரியருக்கு என்ன வேலை மிச்சம்? முதல் நாவல் எழுத உட்காரும் பலர், தெரிந்த சம்பவங்களை வரிசையாக வைத்து நடுவில் கொஞ்சம் வசனம் சேர்த்துவிட்டு ‘ஏன் உயிர் வரவில்லை’ என்று திகைப்பது இதனால்தான்.

வேலூர், ஆற்காடு, செய்யாறு பக்கம் இருந்துகொண்டு இப்படி ஒரு நாவல் எழுத நினைப்பவர்களுக்காக, இது எப்படி நடக்கிறது என்று அடியிலிருந்து பார்ப்போம்.

மூன்று வகை, மூன்று கட்டுப்பாடு

ஒரு பிரபலத்தை வைத்து எழுதுவதில் மூன்று வகை உண்டு. முதலாவது வாழ்க்கை வரலாறு. அதில் கற்பனைக்கு இடமில்லை. ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் வேண்டும். இரண்டாவது, உண்மைப் பெயரையே வைத்துக்கொண்டு எழுதும் வரலாற்று நாவல். பாகவதர் பாகவதராகவே வருவார், நடந்த சம்பவங்கள் நடந்தபடியே இருக்கும், அவர் மனத்துக்குள் என்ன ஓடியது என்பதை மட்டும் நீங்கள் இட்டு நிரப்புவீர்கள். மூன்றாவது வகையில் உங்களைத் தூண்டியது பாகவதர். ஆனால் நாவலில் வருபவர் வேறு ஆள். வேறு பெயர், வேறு ஊர், வேறு தொழில்கூட இருக்கலாம். நட்சத்திரத்திடமிருந்து எடுத்தது ஒன்றே ஒன்றுதான். அது என்ன என்பதற்கு இதோ வருகிறேன்.

முதல் நாவலுக்கு என் ஓட்டு மூன்றாவதற்குத்தான். இரண்டாவது வகை பார்க்க எளிதாகத் தெரியும், உண்மையில் அதுதான் மிகக் கஷ்டம். தேதியும் தவறக்கூடாது, கதையும் நிற்க வேண்டும். ‘அன்று அவர் சென்னையிலேயே இல்லையே’ என்று ஒரு ரசிகர் கண்டுபிடித்துவிட்டால் அந்த அத்தியாயம் காலி. பாகவதர் ரசிகர்கள் அந்த வகையில் சும்மா விடுகிறவர்கள் அல்ல.

எடுக்க வேண்டியது முடிச்சை மட்டும்

ஒரு வாழ்க்கையில் நூறு சம்பவம் இருக்கலாம். அதற்குள் நம்மைத் தூங்கவிடாமல் செய்வது ஒரு முடிச்சு. பாகவதர் கதையில் எனக்கு அது கொலை வழக்கும் அல்ல, சிறையும் அல்ல. விடுதலைக்குப் பிறகு வருவது. குற்றவாளி அல்ல என்று தீர்ப்பு வந்துவிட்டது. குரலும் இருக்கிறது. ஆனால் கேட்கிறவர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள். தீர்ப்பு திருப்பிக் கொடுக்க முடியாத ஒன்றை அவர் இழந்திருக்கிறார்.

இதற்குக் காரணம் வெறும் கெட்ட பெயர் என்று நினைத்தால் முடிச்சு இளகிவிடும். காலமும் ஒரு வேலை செய்தது. பாகவதர் தலைமுறையில் கதாநாயகனே பாடியாக வேண்டும். மேடை நாடகத்தில் கடைசி வரிசை வரை கேட்கும்படி உச்ச ஸ்தாயியில் பாடிப் பழகிய தொண்டைதான் சினிமாவிலும் எடுபட்டது. 1940களின் பிற்பகுதியில் பின்னணிப் பாடல் முறை பரவிவிட்டது. ஒருவர் நடிக்கலாம், இன்னொருவர் பாடலாம் என்றானதும், பாடத் தெரிந்த கதாநாயகன் என்ற பதவியே காலியானது. அவர் உள்ளே இருந்த நேரத்தில் வெளியே இந்த மாற்றம் நடந்தது. ஆள் மேல் விழுந்த பழி ஒரு பக்கம், தொழிலே உருமாறிய வேகம் மறுபக்கம். இரண்டும் சேர்ந்து விழுந்ததுதான் முடிச்சு.

நீங்கள் வேறு முடிச்சைக் காணலாம். கே.பி. சுந்தராம்பாளை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய கணவரும் நாடகப் பாடகருமான எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் 27 வயதில் இறந்தபோது சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்துதான். அதற்குப் பிறகு வெள்ளைச் சேலையில் வாழ்ந்த அந்தக் குரல், சினிமாவில் பக்தராகவும் ஔவையாகவும் கம்பீரமாக வந்தது. துக்கத்தையே வேஷமாக அணிந்துகொண்டவர் அதைக் கழற்ற நினைத்த நாள் ஒன்று இருந்திருக்குமா? இதை சுந்தராம்பாளைப் பற்றிய கேள்வியாகக் கேட்டால் அது அத்துமீறல். நீங்கள் உருவாக்கும் ஒரு பெண்ணைப் பற்றிக் கேட்டால் நாவல்.

முடிச்சு கிடைத்ததா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. பெயர், ஊர், வருஷம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். ‘குற்றமற்றவர் என்று நிரூபித்துவிட்டுத் திரும்பி வரும் பாடகருக்கு, அவர் பாட்டுக்கு இருந்த இடமே இல்லாமல் போயிருக்கிறது.’ இப்படி எழுதியும் கதை மிச்சம் இருக்கிறது என்றால் சரி. பெயரை எடுத்ததும் ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால், உங்களுக்குப் பிடித்திருப்பது நட்சத்திரம். நாவல் இன்னும் வரவில்லை.

பிடுங்கி நடுதல்

இப்போது அந்த முடிச்சை நமக்குத் தெரிந்த மண்ணில் நட வேண்டும். நாற்றங்காலிலேயே விட்டுவைத்தால் நாற்று கதிராகாது, அவ்வளவுதான் விஷயம்.

வட ஆற்காட்டில் பாடும் நட்சத்திரம் என்றால் சினிமாவுக்கு முன்பே இருந்தவர் கூத்து வாத்தியார். செய்யாறு, வந்தவாசி, ஆரணி, ஆற்காடு வட்டாரத்தில் பங்குனி தொடங்கி திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் களிமண்ணால் துரியோதனனைப் படுக்கவைத்துப் படுகளம், அன்று மாலை தீமிதி. கூத்துக் குழுவுக்கு ஜமா என்று பெயர். செய்யாறு பக்கம் புரிசை கிராமத்துக் கூத்தை நாடறியும். ஒரு ஜமாவின் வாத்தியார் கர்ண மோட்சத்தில் கர்ணன் வேஷம் கட்டுகிறார் என்றால் பக்கத்து ஊர்களிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். புகழின் சுற்றளவு மூன்று தாலுகாதான். ஆனால் உள்ளே இருப்பவருக்கு அது உலகம்.

நம் நாவலின் ஆள் இவர். பெயர் பிறகு வைப்போம், இப்போதைக்கு வாத்தியார். 1960களில் உச்சத்தில் இருக்கிறார். ஊரில் ஒரு நிலத் தகராறு, ஒரு சாவு, வாத்தியார் பெயரும் வழக்கில் சேர்கிறது. வேலூர் தொரப்பாடி சிறை. மேல்முறையீட்டில் விடுதலையாகி வருகிறார். வந்து பார்த்தால் அவர் சிஷ்யன் தனி ஜமா கட்டி ஆடிக்கொண்டிருக்கிறான். திருவிழாவில் கூத்து வைத்த இடத்தில் வெள்ளைத் திரை கட்டிப் படம் போடுகிறார்கள். ‘வாத்தியாரே, இந்த வருஷம் பசங்கோ படம்தான் வேணும்னு சொல்றாங்கோ’ என்று நாட்டாண்மைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார்.

கவனியுங்கள், பாகவதர் சினிமாவில் இருந்து விழுந்தவர். இவர் சினிமாவால் விழுகிறார். முடிச்சு அதே முடிச்சு, கயிறு வேறு. இப்படி ஒன்றாவது தலைகீழாக வேண்டும், இல்லையென்றால் வேஷம் மாற்றிய பாகவதராகத்தான் இருப்பார். இன்னொரு லாபமும் உண்டு. உண்மைப் பெயரில் எழுதினால் பாகவதரை உங்கள் வசதிக்கு ஒரு சிறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற முடியாது. உங்கள் வாத்தியாரைத் தொரப்பாடியில் வைத்தால், வெளியே அவர் மனைவி மனு போட்டுவிட்டுக் காத்திருக்கும் அந்தச் சாலையை நீங்களே பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கதையைச் சொல்வது யார்?

நட்சத்திரமே ‘நான்’ என்று சொல்ல ஆரம்பித்தால் பெரும்பாலும் தற்பெருமையாகவோ புலம்பலாகவோ முடியும். எங்கோ மேலிருந்து பார்த்துச் சொன்னால் பத்திரிகைக் கட்டுரை வாடை அடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்வதுதான் ருசி. கூத்தில் அப்படி ஒருவர் தயாராக இருக்கிறார்: பெட்டிக்காரர். ஆர்மோனியப் பெட்டி வாசிப்பவர். வாத்தியார் பாடும் அடியை வாங்கித் திரும்பப் பாடும் பின்பாட்டும் அவர் வேலை. ஒரு மனிதன் பாடிய ஒவ்வொரு வரியையும் இருபது வருஷமாகத் திரும்பப் பாடியவனுக்கு அந்த மனிதனைப் பற்றித் தெரியாதது என்ன?

அவருக்கு மட்டுமே முதலில் தெரியும் ஒரு விஷயம் உண்டு. அதைச் சொல்லக் கொஞ்சம் சுதிக் கணக்கு வேண்டும். ஆர்மோனியத்தில் ச என்ற ஆதார ஸ்வரத்தை எந்தக் கட்டையில் வைக்கிறோமோ அதுதான் சுதி. வெள்ளைக் கட்டைகளை வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவார்கள். நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் இருக்கும் கறுப்புக் கட்டை நாலரை. இன்றைய கர்நாடகக் கச்சேரியில் ஆண் பாடகர்கள் பெரும்பாலும் ஒன்றை ஒட்டித்தான் பாடுவார்கள். மைக் இல்லாத காலத்தில், திறந்த வெளியில், விடிய விடியப் பாடிய தொண்டைக்கு ஐந்து கட்டை சர்வசாதாரணம்.

வாத்தியாரின் சுதி ஐந்து. சிறையிலிருந்து வந்து முதல் கூத்து. முதல் விருத்தத்திலேயே மேல் ஸ்தாயியில் குரல் கொஞ்சம் தொங்குகிறது. சபையில் யாருக்கும் தெரியவில்லை. பெட்டிக்காரர் அடுத்த பாட்டுக்கு விரலை வெள்ளையிலிருந்து பக்கத்துக் கறுப்புக்கு நகர்த்துகிறார். அரைக் கட்டை இறக்கம். வாத்தியார் திரும்பிப் பார்க்கிறார். ஒருவரும் எதுவும் பேசுவதில்லை. ஒரு நட்சத்திரத்தின் வீழ்ச்சியைச் சொல்ல எனக்கு இந்த ஒரு விரல் அசைவு போதும். பத்துப் பக்கம் துயரத்தை விவரித்தாலும் இதன் பக்கத்தில் நிற்காது.

வேறு சொல்லிகளும் கிடைப்பார்கள். மைக்செட்காரர், வேஷத்துக்கு அரிதாரம் பூசுகிறவர், 1980களில் பாட்டுப் பட்டியலை வாங்கிக் கேசட்டில் பதிந்து கொடுத்த ரெக்கார்டிங் கடைக்காரர். கடைசியில் சொன்னவரை வைத்து ஒரு முழு நாவலே எழுதலாம். அறுபது நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு கேட்கிறார்கள் என்பதை வைத்தே ஊரில் யாருக்கு யார் மேல் காதல் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

குரலைத் தாளில் எழுதுவது

எல்லோரும் வழுக்கும் இடம் இது. ‘தேனினும் இனிய அவருடைய குரல் காற்றில் தவழ்ந்து வந்து அனைவரையும் மயக்கியது.’ இந்த வரியை யாருக்கும் போடலாம், அதனால்தான் அது யாருக்குமே ஆவதில்லை. ராகப் பெயர்களை அடுக்குவது இன்னொரு வழுக்கல். தெரிந்தவருக்கு அது தேவையில்லை, தெரியாதவருக்கு அதில் ஒன்றும் கேட்காது. ஒன்றிரண்டு இடத்தில் ‘முகாரி’ என்று வந்தால் தப்பில்லை, அவ்வளவுதான்.

குரலை எழுத முடியாது. கேட்கிறவரை எழுதலாம். கூத்தில் இதற்கு வசதியாக ஒரு வழக்கமே இருக்கிறது. முக்கிய வேஷம் முதலில் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு பேர் ஒரு திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், அதற்குப் பின்னாலிருந்து விருத்தம் வரும். முகத்துக்கு முன்னால் குரல் வந்துவிடுகிறது. பெட்டிக்காரர் சொல்வதாக ஒரு பத்தி எழுதிப் பார்ப்போம்:

‘மணி ரெண்டு இருக்கும். பாதி ஜனம் பாயில் சாய்ந்துவிட்டது. திரைக்குப் பின்னால் வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த பேரனை ஒரு ஆயா தட்டி எழுப்பினாள். “ஏய், எழுந்துருடா, கர்ணன் வந்துட்டான்.” திரை இன்னும் விலகவில்லை. வாத்தியார் முதல் அடியை எடுத்தார். டீக்கடைக்காரன் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு அந்தக் குவளையைக் கையிலேயே பிடித்திருந்தான். நான் பெட்டியை விடவில்லை. துருத்தி இழுக்கும் இடது கை மட்டும் கொஞ்சம் வியர்த்தது. அடியின் கடைசியில் அவர் மூச்சு வாங்குவார், அங்கே நான் உள்ளே போக வேண்டும். இருபது வருஷமாக அதே இடம். அன்று மூச்சு ஒரு சொல் முந்தி வந்தது.’

இதில் குரல் எப்படி இருந்தது என்று ஒரு சொல்லும் இல்லை. ஆனால் ஆயா பேரனை எழுப்புவதில் புகழ் தெரிகிறது, டீக்கடைக்காரர் கையில் பாட்டு தெரிகிறது, கடைசி வரியில் வயது தெரிகிறது.

மைக் வந்ததையும் விட்டுவிடாதீர்கள். கூத்துக் களத்தில் மேலிருந்து மைக்கைக் கட்டித் தொங்கவிடுவார்கள். கிறுகிறுவென்று சுற்றி ஆடிக்கொண்டிருந்தவர் பாட வேண்டிய நேரத்தில் அதன் கீழே வந்து நின்றாக வேண்டும். உடம்பும் குரலும் சேர்ந்தே இருந்த கலையில் குரலுக்குத் தனி இடம் குறித்தாகிவிட்டது. வாத்தியார் மைக்கை மதிக்காமல் களத்தின் ஓரத்தில் நின்று பாடுவாரா, கடைசியில் ஒரு நாள் அதன் கீழே வந்து நிற்பாரா? நாவலின் நடுப்பகுதி இங்கேயே கிடைத்துவிடுகிறது.

ஊர் தெரியும் என்ற நினைப்பு

சொந்த ஊர்தானே, என்ன ஆராய்ச்சி என்று இருந்துவிடக்கூடாது. தெரிந்த ஊரில்தான் தப்பு அதிகம் வரும். 1968இல் நடக்கும் காட்சியில் ‘ராணிப்பேட்டை மாவட்டம்’ என்று எழுதினால் முடிந்தது கதை; ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது 2019இல். 1989 வரை வேலூரும் திருவண்ணாமலையும் ஒரே வட ஆற்காடு மாவட்டம், செய்யாறுக்காரர் கலெக்டரைப் பார்க்க வேலூர்தான் வர வேண்டும். இன்னும் பின்னே போனால், 1911 வரை மாவட்டத் தலைநகரே சித்தூர். வேலூர் மாநகராட்சி ஆனது 2008இல், அதுவரை நகராட்சிதான். 1957 ஏப்ரலுக்கு முந்தைய காட்சியில் வாத்தியாருக்கு ஐம்பது பைசா கொடுக்காதீர்கள், எட்டணா கொடுங்கள்.

எனக்கு மிகப் பிடித்த பொறி கோட்டைக் கோயில். வேலூரைக் கிண்டல் செய்து ‘ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு’ என்பார்கள். ஆறு பாலாறு, அதைப் பற்றிப் பேசினால் வயிற்றெரிச்சல்தான். கோயில் ஜலகண்டேஸ்வரர். கோட்டைக்குள் அவ்வளவு அழகான கல்யாண மண்டபம் இருந்தும் நெடுங்காலம் வழிபாடு இல்லாமல் கிடந்தது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து மறுபடி வைத்தது 1981இல்தான். ஆகவே 1970இல் உங்கள் பாடகர் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் சந்நிதியில் பாடுவதாக எழுதினால் வேலூர்க்காரர் ஒருவர் புத்தகத்தை அங்கேயே மூடிவிடுவார். இதையே திருப்பிப் பாருங்கள். சாமி இல்லாத கோயில் மண்டபத்தில், விழா இல்லை, கூட்டம் இல்லை, ஆட ஜமா இல்லை. வாத்தியார் தனியாக உட்கார்ந்து தூணைப் பார்த்துப் பாடுகிறார். தேதியைச் சரிபார்க்கப் போனவருக்கு இலவசமாக ஒரு காட்சி கிடைக்கிறது.

நூலகத்தில் தேடுவதென்றால், சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இந்த வேலைக்கு நல்ல இடம். பழைய பத்திரிகை, நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம் என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கத்தைப் பாதியில் நிறுத்தி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று போட்டிருப்பார்கள். அந்தக் காலத்துத் தமிழ் எப்படி ஜனங்களை அழைத்தது என்று அந்தத் துண்டுக் காகிதங்களில்தான் தெரியும்.

ஊர்ப் பெரியவர்களிடம் கேட்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. ‘தாத்தா, அவர் எப்படிப் பாடுவார்?’ என்று கேட்டால் ‘அட, அந்தக் குரல் இப்போ யாருக்குப்பா வரும்?’ என்று முடித்துவிடுவார். ‘கூத்து முடிஞ்சு வீட்டுக்கு எப்படிப் போனீங்க? வழியில இன்னா சாப்பிட்டீங்க? யார் கூட வந்தா?’ என்று கேளுங்கள். நடந்து போனது, ஏரிக்கரையில் பல் விளக்கியது, கூட வந்த மாமன் மகள் என்று ஒவ்வொன்றாக வரும். பாட்டு அதற்குள்ளே இருக்கும்.

பேச்சு மொழியில் மட்டும் நிதானம் வேண்டும். ‘இன்னா’, ‘நைனா’, ‘ஆயா’, ‘பசங்கோ’ எல்லாம் நம் பக்கத்துக்கு உரியவைதான். ஒவ்வொரு வரியிலும் தூவினால் நகைச்சுவைக் காட்சி ஆகிவிடும். வாணியம்பாடி, ஆம்பூர் பாத்திரம் வந்தால் வீட்டில் உருது இருக்கும், குடியாத்தம் எல்லைப் பக்கம் தெலுங்கு இருக்கும். அதையும் காதால் கேட்டு எழுதுவது நல்லது.

நம்மூர்க்காரரை எழுதும்போது

வேலூரில் பிறந்த நட்சத்திரமே இருக்கும்போது மாயவரத்துக்குப் போவானேன் என்று நீங்கள் கேட்கலாம். வாணி ஜெயராம் 1945இல் இங்கேதான் கலைவாணியாகப் பிறந்தார். ஸ்டேட் பேங்க்கில் வேலை பார்த்தார். கல்யாணமாகி பம்பாய் போனவரை இந்துஸ்தானி கற்கத் தூண்டியவர் கணவர் ஜெயராம். உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் பயிற்சி, 1971இல் ‘குட்டி’ இந்திப் படத்தில் பாடி நாடறிந்தார். மூன்று தேசிய விருது. 2023இல் பத்ம பூஷண் அறிவிப்பு வந்த சில நாட்களில் காலமானார்.

இதில் முடிச்சு பளிச்சென்று தெரிகிறது. பெண்களின் பாட்டு கல்யாணத்தோடு நின்றுபோவதைத்தான் வீட்டுக்கு வீடு பார்த்திருக்கிறோம். இங்கே கல்யாணத்துக்குப் பிறகுதான் அது சிறகு விரிக்கிறது. இதைப் பிடுங்கிக் குடியாத்தத்தில் நடுங்கள். பீடி சுற்றும் வீட்டுக்கு வரும் மருமகள், தட்டை மடியில் வைத்துக்கொண்டு மெல்லப் பாடுகிறாள். அவளைப் பாட்டு வாத்தியாரிடம் இழுத்துப் போவது மாமியார். மருமகளுக்கு ஆசையா, மாமியாருக்குத் தீராத ஆசையா? அவள் மேடை ஏறினால் பாடுவது யார் குரல்? இந்தக் கேள்வி வந்ததும் இவள் வாணி ஜெயராம் இல்லாமல் போய்விடுகிறாள், அதுதான் வேண்டும். அண்மையில் மறைந்தவர், அவரை அறிந்தவர்கள் இருக்கிறார்கள். பேட்டிகளிலும் விருதுப் பட்டியல்களிலும் இருப்பதைத் தாண்டி அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க நமக்கு உரிமை இல்லை.

சட்டம், சுருக்கமாக

உரிமை என்றதும் கோர்ட் ஞாபகம் வரும். ஆட்டோ சங்கரின் சுயசரிதையைப் பத்திரிகையில் வெளியிடுவது தொடர்பாக 1994இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு இதில் முக்கியம். பொதுப் பதிவேடுகளில் இருப்பதை ஒருவருடைய சம்மதம் இல்லாமலும் எழுதலாம். அதைத் தாண்டி அவருடைய அந்தரங்கத்துக்குள் போனால் விளைவுக்கு எழுதியவரே பொறுப்பு. அவதூறுச் சட்டமோ இறந்தவரையும் விட்டுவைக்கவில்லை. உயிரோடு இருந்திருந்தால் அவர் பெயருக்குக் களங்கம் வந்திருக்கும், குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கமும் இருந்தது என்றால் அதுவும் அவதூறாகலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டம் 499இல் இருந்தது, இப்போது பாரதிய நியாய சம்ஹிதா 356இல் இருக்கிறது. ‘இதில் வரும் பெயர்கள் யாவும் கற்பனையே’ என்று முதல் பக்கத்தில் போடுவது வழக்கம்தான், ஆனால் உள்ளே சாதி, ஊர், தொழில், சம்பவம் எல்லாம் ஒரு குறிப்பிட்ட ஆளையே காட்டினால் அந்த வரி காப்பாற்றாது.

பாட்டு வரிகளுக்கு வேறு கணக்கு. எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தார், ஆகவே பாகவதருக்கு அவர் எழுதிய பாட்டுகள் 2033 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டவை. கண்ணதாசன் 1981, எனவே 2041 வரை. பட்டுக்கோட்டையார் 1959இல் போய்விட்டார், அவர் பாட்டுகளுக்குத் தடையில்லை; பாரதியார் என்றோ பொதுச்சொத்து. கூத்துப் பாட்டில் பெரும்பகுதி வழிவழியாக வந்தது, ஆனால் இன்று உயிரோடு இருக்கும் ஒரு வாத்தியார் தாமே கட்டிய பாட்டு என்றால் அவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும்விடச் சுலபம், உங்கள் பாடகருக்கு நீங்களே இரண்டு அடி எழுதிவிடுவது. சுமாராக வந்தாலும் பரவாயில்லை, பாடுவது அவர்தானே.

அப்புறம் பெயர். வாத்தியாருக்குப் பெயர் வைக்கும்போது அந்த வட்டாரத்தில் அதே பெயரில், அதே வேஷம் கட்டியவர் உண்மையிலேயே இருந்தாரா என்று இரண்டு ஜமாக்காரர்களிடம் விசாரித்துவிடுங்கள். ஊருக்கும் கற்பனைப் பெயர் வைத்து, ஆற்காட்டிலிருந்து பஸ்ஸில் இவ்வளவு நேரம் என்று மட்டும் சொன்னால் போதும். அட்டையில் பாகவதர் புகைப்படம் வேண்டாம். அதற்குத் தனி உரிமையாளர் இருக்கலாம், தவிர, நீங்கள் இவ்வளவு பாடுபட்டு மறைத்தவரை அட்டையே காட்டிக்கொடுத்துவிடும்.

எத்தனை மறைத்தாலும் ‘சார், இது பாகவதர் கதைதானே?’ என்று ஒருவர் கேட்பார். ஆமாம் என்றால் தப்பு கண்டுபிடிக்க ஆரம்பிப்பார், இல்லை என்றால் நம்பமாட்டார். ‘செய்யாறு பக்கம் ஒரு கூத்து வாத்தியாரைப் பத்தி எழுதியிருக்கேன், படிச்சுட்டுச் சொல்லுங்க’ என்று புத்தகத்தைக் கையில் கொடுங்கள். காசு வாங்கிக்கொண்டுதான்.